டிராகன் குவெஸ்ட் 11: பழைய பாணி விளையாட்டுக்கு இத்தனை மணி நேரம் கொடுக்கலாமா?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் செகண்ட் ஹேண்டில் ஒரு பிஎஸ்4 (சோனியின் பிளேஸ்டேஷன் 4) வாங்கியிருக்கிறார். வேலை, கைக்குழந்தை எல்லாம் போக இரவில் ஒரு மணி நேரம்தான் மிஞ்சுகிறது. டர்ன் பேஸ்டு, அதாவது இரு தரப்பும் மாறி மாறி முறை எடுத்து ஆடும் விளையாட்டு எதையும் இதுவரை ஆடியதில்லை. 'டிராகன் குவெஸ்ட் 11' என்ற ஜப்பானிய விளையாட்டைப் பற்றி ஒருவர் ஆகா ஓகோ என்கிறார், இன்னொருவர் முப்பது வருடப் பழைய பாணி, தூக்கம் வருகிறது என்கிறார். நிறை என்ன, குறை என்ன, வாங்கலாமா என்று கேட்கிறார். அவர் மனதில் இருப்பது வேறு ஒரு கவலை என்று எனக்குப் படுகிறது. கிடைக்கிற அந்த ஒரு மணி நேரத்தை இந்த விளையாட்டு விழுங்கி ஏப்பம் விட்டுவிடுமா, இல்லை அதற்குள் ஏதாவது கொடுத்து அனுப்புமா? அதை மனதில் வைத்தே பதில் எழுதுகிறேன்.

மொபைல் விளையாட்டுகளில் சண்டைகளுக்கு எண் போடுவது பதினான்கு வருடமாக என் தொழில். எந்த எதிரிக்கு எவ்வளவு உயிர், எந்த வாளுக்கு எவ்வளவு அடி, எத்தனையாவது சண்டையில் ஆடுபவருக்கு அலுப்புத் தட்டும் என்று பார்த்துப் பார்த்துத் திருத்துகிற வேலை. இந்த விளையாட்டை பிஎஸ்4-ல் ஒரு முறை, நிண்டெண்டோ ஸ்விட்ச்சில் ஒரு முறை முழுதாக முடித்திருக்கிறேன். ஜப்பானோடு நின்றுவிட்ட நிண்டெண்டோ 3டிஎஸ் பதிப்பை ஆடியதில்லை. ஆகவே கீழே சொல்வதெல்லாம் மற்ற இரண்டையும் வைத்துத்தான்.

பழைய பாணி என்பது உண்மைதான், அதில் சந்தேகமே இல்லை. முதல் டிராகன் குவெஸ்ட் 1986 மே 27 அன்று ஜப்பானில் நிண்டெண்டோவின் ஃபாமிகாம் கன்சோலுக்கு வந்தது. அதை உருவாக்கிய யூஜி ஹோரி அப்போது 'விசார்ட்ரி', 'அல்டிமா' என்ற இரண்டு அமெரிக்கக் கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் மூழ்கிக் கிடந்தவர். கீபோர்டு வைத்து ஆடுகிற அந்த வகையை நாலைந்து பட்டன் மட்டும் உள்ள கன்ட்ரோலருக்கு, அதுவும் சிறுவர்களுக்குப் புரிகிற மாதிரி, இறக்கிக் கொடுத்ததுதான் அவர் செய்த காரியம். 'பேசு', 'தேடு', 'சண்டையிடு' என்று சின்னப் பெட்டிக்குள் நாலு சொல் வரும், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் ஒரு குவியல் மாதிரி வரைந்து கொடுத்த கூழ்ப் பூதத்தை ஓவியர் அகிரா டோரியாமா நீர்த்துளி வடிவில் சிரிக்க வைத்தார். அந்த நீல ஸ்லைம் இன்றைக்கும் இந்தத் தொடரின் முகம். இசை கோயிச்சி சுகியாமா. 2017 ஜூலை 29 அன்று ஜப்பானில் வெளியான பதினொன்றாம் பாகத்திலும் இதே மூவர்தான். சுகியாமா 2021-லும் டோரியாமா 2024-லும் காலமாகிவிட்டார்கள். மூவரும் சேர்ந்து முடித்து வெளியான முதன்மைப் பாகங்களில் இதுவரை இதுதான் கடைசி. எனக்கு இந்த விளையாட்டின் மேல் இருக்கும் பற்றுக்கு இதுவும் ஒரு காரணம் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இடையில் ஒன்று. ஜப்பானில் டிராகன் குவெஸ்ட் வார நாளில் வெளிவரக் கூடாது என்று சட்டமே இருப்பதாக ஒரு கதை தமிழ் யூட்யூப் வரை உலவுகிறது. அப்படி ஒரு சட்டம் இல்லை. 1988 பிப்ரவரி 10, ஒரு புதன்கிழமை, மூன்றாம் பாகம் வந்தபோது பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுக் கடை வாசலில் பிள்ளைகள் வரிசை கட்டினார்கள் என்பது மட்டும் நிஜம்.

சண்டைக்கு வருகிறேன், தூக்கம் வருகிறது என்பவர்கள் குறை சொல்வது இதைத்தான். நாலு பேர் உங்கள் பக்கம், எதிரே சில பூதங்கள். உங்கள் ஆள் முறை வந்ததும் என்ன செய்வது என்று நீங்கள் சொல்ல வேண்டும், அதுவரை எதிரி காத்திருக்கும். கையின் வேகத்துக்கு இங்கே வேலையே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் மந்தமாகத்தான் தெரியும். ஆனால் உள்ளே எண்கள் வைக்கப்பட்டிருக்கும் விதத்தைப் பாருங்கள். பல விளையாட்டுகளில் அடி ஆயிரம், பத்தாயிரம் என்று பறக்கும், எது பெரிய அடி எது சின்ன அடி என்றே தெரியாது. இங்கே ஆரம்பத்தில் எல்லாமே இரண்டு இலக்கம். புது வாள் வாங்கி ஐந்து புள்ளி கூடினால் அடுத்த சண்டையிலேயே உங்கள் கண்ணுக்குத் தெரியும். நேற்று மூன்று வெட்டில் செத்த பூதம் இன்று இரண்டு வெட்டில் சாகும். எண் போடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், வளர்ச்சி ஆடுபவருக்குத் தெரிகிற மாதிரி எண்களை இவ்வளவு சிறிதாகப் பிடித்து வைப்பது லேசான வேலை இல்லை.

இன்னொரு விஷயம், பாஸ் எனப்படும் பெரிய எதிரிகளோடு வரும் சண்டைகள். இந்த வகை விளையாட்டு பலவற்றில் எதிரியின் தற்காப்பைக் குறைக்கும் மந்திரம், நம் ஆட்களின் பலத்தைக் கூட்டும் மந்திரம் எல்லாம் மெனுவில் அழகாக இருக்கும். பாஸிடம் போட்டால் பலிக்காது. அதனால் ஆடுபவர்கள் கடைசியில் 'அடி, அடி, வைத்தியம்' என்று மூன்றே பட்டனில் நின்றுவிடுவார்கள். இங்கே பாஸ் சண்டையிலும் அவை பெரும்பாலும் வேலை செய்கின்றன. ஒரு முறையை அடிக்காமல் செலவழித்து எதிரியின் தற்காப்பைக் கரைத்தால், அடுத்த நாலைந்து முறைக்கு எல்லோருடைய அடியும் கூடுகிறது. பின்பாதியில் வரும் பாஸ்கள் ஓர் அலை வீசி நீங்கள் ஏற்றி வைத்ததை எல்லாம் துடைத்துவிடும். மறுபடி ஏற்றுவதா, இருக்கிற உயிரை வைத்து முடித்துவிடுவதா என்று அந்த இடத்தில் யோசிப்பீர்கள் பாருங்கள், டர்ன் பேஸ்டு ஆட்டத்தின் ருசி அதுதான். வேகமாகக் கை ஓடுகிறவருக்கு அந்த ருசி பிடிபடாமல் போகலாம், அது அவரவர் விருப்பம்.

ஒரு சின்னச் சண்டையைக் கிட்டே வைத்துக் காட்டுகிறேன். சாதாரணப் பூதங்கள் மூன்றுக்கு நடுவே வெள்ளி மாதிரிப் பளபளக்கும் ஒரு ஸ்லைம் நிற்கும். அதற்கு உயிர் மிகக் குறைவு, தோல் மட்டும் இரும்பு. உங்கள் பலசாலி ஓங்கி வெட்டினாலும் ஒரு புள்ளிதான் குறையும், சில சமயம் அதுவும் இல்லை. கொன்றால் அனுபவப் புள்ளி கொட்டும், சாதாரணச் சண்டைகள் பலவற்றில் சேர்ப்பதை ஒரே அடியில் தரும். ஆனால் அது எந்த முறையிலும் ஓடிவிடும். இப்போது உங்களிடம் இரண்டு வழி. உறுதியாக ஒன்றிரண்டு புள்ளி குறைக்கும் வாள் வெட்டை நாலு பேரும் கூட்டாகப் போடலாம். இல்லை, பட்டால் முழு அடி, தவறினால் ஒன்றுமே இல்லை என்ற ஈட்டிக் குத்தை நம்பலாம். முதல் ஆள் வெட்டினான், ஒன்று குறைந்தது. இரண்டாவது ஆள் குத்தினாள், தவறியது. ஸ்லைம் முறை வந்தது, அசையாமல் நின்றது. மூன்றாவது ஆளை என்ன செய்யச் சொல்வீர்கள்? என் வீட்டில் இதற்குத் தனிக் கத்தலே உண்டு. ஓடிவிட்டால் குழந்தைகள் என்னைவிட அதிகமாக வருத்தப்படுவார்கள். 1986-ல் போட்ட கணக்கு இது. ஒரு வரி வசனம் இல்லாமல் இவ்வளவு பதற்றத்தைக் கொண்டுவரும் வேறொன்றை என் தொழிலில் நான் இன்னும் பார்க்கவில்லை.

பழைய பாணி என்றதும் பலர் பயப்படுவது கிரைண்டிங்குக்கு, அதாவது லெவல் ஏற்றுவதற்காக ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிச் சண்டை போடுவதற்கு. இதில் அந்தப் பயம் வேண்டாம். பூதங்கள் வெளியில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நடமாடுகின்றன. வேண்டாம் என்றால் குதிரையில் ஏறி இடித்துத் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். எதிர்ப்படுவதில் பாதியோடு சண்டை போட்டாலே கதைக்குத் தேவையான பலம் வந்துவிடும். எளிய சண்டைகளில் 'நீயே பார்த்து அடி' என்று ஆட்களிடம் விட்டுவிடலாம், சமயோசிதமாகவே அடிப்பார்கள். பின்னால் வந்த 'எஸ்' என்ற விரிவான பதிப்பில் சண்டையின் வேகத்தையும் கூட்டிக்கொள்ளலாம்.

உங்களுடைய ஒரு மணி நேரத்துக்கு இது எப்படிப் பொருந்தும்? என் அனுபவத்தில் மிக நன்றாகவே பொருந்துகிறது. குழந்தை அழுதால் சண்டையின் நடுவிலும் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுப் போகலாம், திரும்பி வரும்வரை எதிரி காத்திருக்கும். நான் அப்படிப் பால் கலக்கப் போய்விட்டு வந்து பாஸை முடித்திருக்கிறேன். வழிநெடுகக் கூடாரம் போடும் இடங்கள் உண்டு. அங்கே ஒரு தேவி சிலை, அதனிடம் ஸேவ் செய்யலாம், உடம்பைத் தேற்றலாம், கையடக்க உலையில் ஆயுதம் அடிக்கலாம். போகிற வழியில் தானாகவும் ஸேவ் ஆகும். பத்து நாள் கழித்து எடுத்தாலும் 'இதுவரை நடந்தது' என்று கதையைச் சில வரியில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே விடும். 1986-ல் வந்த முதல் பாகத்தில் ஸேவ் வசதியே கிடையாது. இருபது எழுத்துக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வைக்க வேண்டும், இரண்டாம் பாகத்தில் அது 52 எழுத்து வரை போனது, ஓர் எழுத்து தப்பினால் எல்லாம் போச்சு. பழைய பாணியில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கி எறிவது என்று இவர்கள் நன்றாகவே யோசித்திருக்கிறார்கள்.

அந்த உலை பற்றி இரண்டு வரி. ஆயுதம் செய்வது இங்கே பட்டன் அழுத்தினால் வந்து விழும் காரியம் இல்லை. சூடான இரும்பைச் சுத்தியலால் அடிக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு குறி இருக்கும், அதை மிஞ்சவும் கூடாது, குறையவும் கூடாது. அடிக்க அடிக்கச் சூடு இறங்கும், உங்கள் கவனப் புள்ளியும் தீரும். கச்சிதமாக அமைந்தால் அதே வாள் ஒரு தரம் கூடுதலாக வரும். சண்டை போடும் மனநிலை இல்லாத இரவுகளில் நான் இதை மட்டும் செய்துவிட்டுப் படுத்திருக்கிறேன்.

கதை எளிய கதை. பாறைக் கிராமம் ஒன்றில் வளர்ந்த பையன், தான் உலகத்தைக் காக்கப் பிறந்தவன் என்று தெரிந்து ராஜாவைப் பார்க்கப் போகிறான். ராஜா அவனைப் பிடித்து உள்ளே தள்ளுகிறார். பாதாளச் சிறையில் எரிக் என்ற திருடன் கூட்டாளியாகிறான், அங்கிருந்து பயணம். இந்தப் பெரிய கதையைவிட ஊருக்கு ஊர் வரும் சின்னக் கதைகள்தான் மனதில் நிற்கின்றன. வெனிஸ் மாதிரி ஓர் ஊர், பாலைவனத்தில் ஓர் ஊர், வெந்நீர் ஊற்றைச் சுற்றி ஓர் ஊர். கடலோரத்தில் மிஷேல் என்ற கடற்கன்னி ஒரு மீனவனுக்காகக் காத்திருக்கிறாள், கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனவன். நீங்கள் அவனைத் தேடி ஊருக்குள் போனால், அவன் செத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கடற்கன்னிக்கு மனிதர்களின் காலக்கணக்கு தெரியவில்லை. திரும்பி வந்து அவளிடம் உண்மையைச் சொல்வதா, பொய் சொல்வதா என்று விளையாட்டு உங்களைக் கேட்கும். எது சொன்னாலும் பரிசில் வித்தியாசம் இல்லை, உங்கள் பலமும் கூடாது. அதனால்தான் அந்தக் கேள்வி இவ்வளவு கனமாக இருக்கிறது. நான் முதல் முறை உண்மையைச் சொன்னேன், இரண்டாம் முறை சொல்ல மனம் வரவில்லை.

குறைகளுக்கு வருகிறேன், அவையும் உண்டு. கதாநாயகன் வாயே திறப்பதில்லை. மற்ற எல்லோருக்கும் குரல் கொடுத்து, முகத்தை இவ்வளவு தெளிவாக வரைந்த பிறகு, சொந்த ஊரே நாசமாகும்போது அவன் மட்டும் பொம்மை மாதிரி நிற்பது கண்ணை உறுத்துகிறது. எட்டு பிட் காலத்தில் அவன் இடத்தில் நம்மை வைத்துக்கொள்ள அந்த மௌனம் உதவியது, இந்தக் காட்சித் தரத்தில் உதவவில்லை. பூதங்களிலும் சிக்கனம் தெரிகிறது. நடுவில் ஒரு கட்டத்துக்குப் பிறகு, முன்பே பார்த்தவை கண் சிவந்து பலம் கூடித் திரும்பி வருகின்றன, அவ்வளவுதான். இசை தனியாகக் கேட்டால் நன்றாக இருக்கும், ஆனால் மெட்டுகள் குறைவு. வெளியில் நடக்கும்போது வரும் அதே மெட்டை முப்பதாவது மணி நேரத்திலும் கேட்க வேண்டும். வெவ்வேறு தேசத்து ஊர்களிலும் ஒரே ஊர்ப்பாட்டு திரும்புகிறது. 2018-ல் உலகம் முழுக்க வந்த பதிப்பில் அது சின்தசைசர் ஒலியாக வேறு இருந்தது. எஸ் பதிப்பில் டோக்கியோ மெட்ரோபாலிடன் சிம்பொனி வாத்தியக் குழுவின் ஒலிப்பதிவு வந்த பிறகு பெரிய நிம்மதி. பெண் பாத்திரங்களை வைத்துச் செய்யும் சில பழைய காலத்துச் சீண்டல்கள் எனக்குப் பிடிக்கவே இல்லை, வீட்டில் பிள்ளைகளோடு ஆடும்போது வேகமாகத் தாண்டிவிட்டேன். ஆங்கிலத்திலும் ஒரு சிரமம் இருக்கிறது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பேச்சுவழக்கு கொடுத்து, உச்சரிப்பதை அப்படியே எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். வெந்நீர் ஊற்று ஊரில் எல்லோரும் ஹைக்கூவிலேயே பேசுவார்கள். ரசிக்கத் தெரிந்தவர்களுக்கு விருந்து, சப்டைட்டிலை வேகமாகப் படிக்க முடியாதவர்களுக்குத் தலைவலி.

வழக்கமான அமைப்பில் ஆடினால் சண்டைகள் மிக எளிது என்பதும் உண்மையான குறைதான். நான் மேலே புகழ்ந்த அந்தத் தற்காப்புக் கணக்கு, பலக் கணக்கு எல்லாம் தேவையே படாமல் பாதி விளையாட்டைக் கடந்துவிடலாம். தூக்கம் வருகிறது என்றவர்களில் பலருக்கு நடந்தது இதுவாக இருக்கும் என்பது என் ஊகம். இதற்குத் தீர்வு விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

என் கணக்கில் பெரிய குறை மூன்றாம் பகுதி. கதையைக் கெடுக்காமல் சொல்லப் பார்க்கிறேன். இரண்டாம் பகுதியில் ஓர் இழப்பு வருகிறது. வழக்கமாகச் சிரிப்பும் கும்மாளமுமாகப் போகும் இந்தத் தொடர், அங்கே ஒரு பாத்திரத்தை அழவிட்டு, தலைமுடியை வெட்டிக்கொள்ள வைத்து, அந்தத் துக்கத்தோடேயே எழுந்து நடக்க வைக்கிறது. இந்த வகை விளையாட்டுகளில் நான் பார்த்த மிகச் சிறந்த கட்டங்களில் ஒன்று. வில்லனை வீழ்த்தியதும் உருவாக்கியவர்களின் பெயர்கள் திரையில் ஓடுகின்றன, கதை முடிந்தது. அதன் பிறகு மூன்றாம் பகுதி தொடங்குகிறது, அங்கே அந்த இழப்பையே இல்லாமல் ஆக்க ஒரு வழி கொடுக்கிறார்கள். துக்கத்தில் இருந்து மீண்டு வந்தவர்கள் கற்றுக்கொண்டதும் அதோடு போய்விடுகிறது. தொடரின் பழைய பாகங்களோடு இந்தக் கதை கோத்துக்கொள்ளும் இடம் அங்கேதான் இருக்கிறது, உண்மையான முடிவு அதுதான் என்று பலர் கொண்டாடுகிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை, விளையாட்டின் கடினமான சண்டைகளும் அங்கேதான். ஆகவே இதை என் தீர்ப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியவர்களே தாங்கள் செய்த நல்ல காரியத்தை நம்பாமல் விட்டுவிட்டார்கள் என்றுதான் எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.

இதில் உங்களுக்கு ஒரு வசதியும் உண்டு. பெயர்கள் ஓடும் அந்த இடத்தில் மனநிறைவோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு அதுவரை சுமார் ஐம்பத்தைந்து மணி நேரம் ஆனது, மிச்சத்தையும் முடிக்க இன்னும் முப்பது. பெயர்கள் ஓடும் இடம் வரை உங்கள் கணக்குப்படி தினம் ஒரு மணி நேரம் வைத்தால் சுமார் இரண்டு மாதம்.

எந்தப் பதிப்பு என்ற குழப்பம் வேண்டாம். 2018-ல் பிஎஸ்4-க்கு வந்த முதல் பதிப்பை ஆன்லைன் கடையில் இருந்து எடுத்துவிட்டார்கள், பழைய டிஸ்க் கிடைத்தால்தான் உண்டு. 2020 டிசம்பரில் பிஎஸ்4-க்கு வந்த எஸ் பதிப்பை வாங்குங்கள். அது ஸ்விட்ச் பதிப்பை அடிப்படையாக வைத்துச் செய்தது என்பதால் மரம், செடி, நிழலில் கொஞ்சம் நுணுக்கம் குறையும். பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால் தெரியும், ஆடும்போது கண்ணில் படாது. வாத்திய இசை, கூடுதல் கிளைக்கதைகள், முழு விளையாட்டையும் பழைய 2டி பாணியில் ஆடும் வசதி எல்லாம் அதில் உண்டு. பழைய பதிப்பின் ஸேவை அதற்கு மாற்ற முடியாது, இரவல் டிஸ்கில் தொடங்குவதாக இருந்தால் இது நினைவிருக்கட்டும்.

வாங்கும் முன் டெமோவை இறக்குங்கள். காசு வேண்டாம், பத்து மணி நேரம் வரை போகும், பிறகு வாங்கினால் அதே ஸேவிலிருந்து தொடரலாம். புது ஆட்டம் தொடங்கும்போது 'டிராகோனியன் குவெஸ்ட்' என்று ஒரு பட்டியல் வரும், அதில் எதிரிகள் பலம் கூடும் என்பதை மட்டும் டிக் செய்யுங்கள். மற்றவற்றைத் தொடாதீர்கள். கடை கிடையாது, கவசம் கிடையாது என்பதெல்லாம் இரண்டாம் முறை ஆடுகிறவர்களுக்கு. முதல் சில மணி நேரம் ஓரிரு முறை சாவீர்கள். தாங்க முடியாவிட்டால் தேவி சிலையிலோ தேவாலயத்திலோ அதை அணைத்துவிடலாம். ஆனால் ஒரு முறை அணைத்தால் மறுபடி போட முடியாது, அதனால் அவசரப்படாமல் ஒரு மந்திரத்தை மாற்றிப் போட்டுப் பாருங்கள். டெமோ முடிகிற வரைக்கும் அப்படி ஆடியும் அடுத்த ஊரில் என்ன இருக்கிறது என்று பார்க்க மனம் இழுக்கவில்லை என்றால் வாங்க வேண்டாம், மேலே போகப் போக இது வேறு விளையாட்டாக மாறப் போவதில்லை.